இயங்கும் சர்வரில் இருமுறை மாற்றப்பட்ட கிளாஸ்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இங்கே பதிவாகும் நிகழ்வு, சரக்கு வாகனங்களின் பயணத் திட்டத்தை வகுக்கும் ஒரு சர்வரில் நடந்தது. காமன் லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டு, அம்மொழியின் எஸ்பிசிஎல் (SBCL) என்ற செயலாக்கத்தில் இயங்கிய அந்த சர்வர், தன்னிடம் வந்த ஒவ்வொரு ஆர்டரையும் ஓர் ஆப்ஜெக்டாக (தொடர்புள்ள தரவை ஒன்றாகத் தாங்கும் அலகாக) நினைவகத்திலேயே வைத்திருந்தது. தனியாகத் தரவுத்தளம் எதுவும் இல்லை. ஆர்டர்களில் செய்யப்படும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு கட்டளையாகப் பதிவேட்டுக் கோப்பின் இறுதியில் சேர்க்கப்படும். அன்றன்று மாறிய ஆப்ஜெக்ட்கள் மட்டும் இரவில் வட்டில் எழுதப்படும். சனிக்கிழமை இரவில் எல்லா ஆப்ஜெக்ட்களையும் உள்ளடக்கிய முழு நகல் எடுக்கப்படும். சர்வர் நின்றுபோனால், கடைசி முழு நகலையும் அதற்குப் பிந்தைய பதிவேட்டையும் படித்து மீண்டும் எழுந்துவிடும். ஆனால் அதற்குக் கணிசமான நேரம் பிடிக்கும், அந்த நேரம் முழுவதும் திட்டமிடுவோர் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆகவே நிறுத்தாமலேயே திருத்துவது அந்தக் குழுவின் வழக்கமாகியிருந்தது. மெத்தட்களை, அதாவது ஆப்ஜெக்ட்களைக் கையாளும் நிரல் துண்டுகளை, இயங்கும் சர்வரில் மாற்றுவது அவர்களுக்கு அன்றாட வேலை. கிளாஸ் என்பது ஆப்ஜெக்ட்களின் வடிவத்தைச் சொல்லும் வரையறை; அந்த வடிவத்தையே மாற்றும் கிளாஸ் மாற்றம் எப்போதாவதுதான் வரும்.

ஆர்டர் கிளாஸில் 'நேரச்சரம்' என்று ஒரு ஸ்லாட் (ஒரு மதிப்பை வைக்கும் இடம்) இருந்தது. சரக்கு எப்போது போய்ச் சேர வேண்டும் என்பதைத் தேதியும் மணியுமாக ஒரு சரத்தில், அதாவது எழுத்துத் தொடரில், அது வைத்திருக்கும். அந்த மணி எந்த நேர மண்டலத்தைச் சேர்ந்தது என்பது சரத்தில் இருக்காது. சேர வேண்டிய கிடங்கின் ஆப்ஜெக்டைப் பார்த்துத்தான் அறிய வேண்டும். கெடு இல்லாத ஆர்டர்களும் உண்டு. அவற்றில் இந்த ஸ்லாட்டுக்கு மதிப்பே தரப்பட்டிருக்காது. கெடு இல்லாமை பிழையன்று, முறையான ஒரு நிலை என்பதை வாசகர் நினைவில் கொள்ள வேண்டும். பிற்பாடு நடந்தவற்றுக்கு இதுவே திறவுகோல்.

கோடை நேர மாற்றம் உள்ள மண்டலங்களில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் இருமுறை வருகிறது, இன்னொருமுறை ஒரு மணி நேரம் வராமலேயே போகிறது. அத்தகைய நாட்களில் சரத்தை ஒப்பிட்டு வரிசைப்படுத்திய திட்டங்கள் பிசகின. எனவே சரத்தை விட்டுவிட்டு, காமன் லிஸ்பின் வழக்கமான கணக்குப்படி 1900 ஜனவரி 1 நள்ளிரவு, கிரீன்விச் நேரம் தொடங்கிக் கழிந்த நொடிகளை ஒரே முழு எண்ணாக வைத்துக்கொள்வது என்று முடிவானது.

மொழி செய்வதும் செய்யாததும்

ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் கிளாஸ் வரையறையை மாற்றினால், ஏற்கெனவே உருவான ஆப்ஜெக்ட்கள் என்ன ஆகும் என்ற கேள்விக்கு மொழிக்கு மொழி விடை வேறு. பைத்தானில் ஒரு மாட்யூலை மறுபடி ஏற்றினால் அதே பெயரில் புதிய கிளாஸ் ஒன்று பிறக்கிறது. பழைய ஆப்ஜெக்ட்கள் பழைய கிளாஸையே பற்றிக்கொண்டிருக்கின்றன. ஜாவாவின் வழக்கமான ஹாட்ஸ்வாப் வசதி மெத்தட்களின் உடலை மட்டுமே மாற்ற விடுகிறது. ஃபீல்டை (ஸ்லாட்டுக்கு நிகரானதை) சேர்க்கவோ நீக்கவோ முயன்றால் மறுத்துவிடும். ஸ்மால்டாக் அமைப்புகள் பொதுவாக வரையறை மாறிய அக்கணமே எல்லா ஆப்ஜெக்ட்களையும் தேடிப் பிடித்துப் புது வடிவுக்கு மாற்றிவிடுகின்றன.

1994இல் ஆன்சி (அமெரிக்கத் தர அமைப்பு) தரமாக வெளிவந்த காமன் லிஸ்ப் வேறு வழியில் செல்கிறது. கிளாஸை மறுபடி வரையறுத்தால் புதிய கிளாஸ் எதுவும் உருவாவதில்லை, இருக்கும் கிளாஸ்தான் மாறுகிறது. பழைய ஆப்ஜெக்ட்கள் காலாவதியானவை என்று குறிக்கப்படுகின்றனவே தவிர உடனே மாற்றப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒவ்வொன்றும், அதன் ஏதேனும் ஒரு ஸ்லாட் அடுத்து வாசிக்கப்படுவதற்கோ எழுதப்படுவதற்கோ முன்பாகப் புது வடிவுக்கு வந்துவிட வேண்டும் என்பதே தரம் தரும் உறுதி. அப்படி வரும்போது அப்டேட்-இன்ஸ்டன்ஸ்-ஃபார்-ரீடிஃபைன்ட்-கிளாஸ் என்ற பொதுச் சார்பு (ஆப்ஜெக்டின் கிளாஸுக்கு ஏற்ற மெத்தட்டைத் தேர்ந்து இயக்கும் சார்பு) அழைக்கப்படுகிறது. இனி அதை மாற்ற மெத்தட் என்றே குறிப்பிடுகிறேன். சேர்ந்த ஸ்லாட்களின் பட்டியல், நீங்கிய ஸ்லாட்களின் பட்டியல், நீங்கியவற்றில் மதிப்பு இருந்தவற்றின் பெயரும் மதிப்பும் கொண்ட ஒரு சொத்துப் பட்டியல் ஆகியவை அதன் கைக்கு வருகின்றன. பழைய மதிப்பைக் காப்பாற்ற வேண்டுமானால் இதுதான் இடம், இதுதான் தருணம். இந்த அழைப்பு முடிந்த பின் அந்தச் சொத்துப் பட்டியல் யாரிடமும் இருக்காது.

இரண்டு விஷயங்கள் இந்த ஏற்பாட்டில் இல்லை. ஒன்று, எந்த வடிவத்திலிருந்து எந்த வடிவத்துக்கு என்ற வரையறை எண். எர்லாங் மொழியில் ஜென்-சர்வர் என்ற சர்வர் வார்ப்பின் கோட்-சேஞ்ச் சார்புக்குப் பழைய பதிப்பு எது என்பது முதல் மதிப்பாகவே வந்துவிடும். காமன் லிஸ்பில் நீங்கிய ஸ்லாட்களின் பெயரைப் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டும். மற்றொன்று, த்ரெட்கள், அதாவது ஒரே நிரலுக்குள் ஒருசேர ஓடும் வேலை இழைகள். தரத்தில் அவை பற்றிப் பேச்சே இல்லை. ஒரே ஆப்ஜெக்டை இரண்டு த்ரெட்கள் ஒரே கணத்தில் தொட்டு மாற்றத்தைத் தூண்டினால் என்ன ஆகும் என்பதை நிரலரே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் மாற்றம்

ஒரு திங்கட்கிழமை மாலை, 'நேரச்சரம்' நீக்கப்பட்டு 'கெடு' என்ற முழு எண் ஸ்லாட் சேர்க்கப்பட்டது. இந்த வேலை கவனமாகவே நடந்தது. மாற்ற மெத்தட் முதலில் ஏற்றப்பட்டு, கிளாஸ் அதற்குப் பிறகே மறுவரையறை செய்யப்பட்டது. வரிசை தலைகீழாகியிருந்தால், இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் வேறு த்ரெட்கள் தொட்ட ஆப்ஜெக்ட்கள் எல்லாம் மொழியின் இயல்பு மெத்தட்டாலேயே மாற்றப்பட்டு, சரங்களைச் சத்தமில்லாமல் உதிர்த்திருக்கும். கோரிக்கைகளைக் கையாளும் த்ரெட்களும் மறுவரையறை முடியும்வரை ஒரு வாயில் பூட்டில் நிறுத்தி வைக்கப்பட்டன.

மாற்ற மெத்தட், சொத்துப் பட்டியலில் 'நேரச்சரம்' இருந்தால் கிடங்கின் மண்டலத்தைக் கேட்டறிந்து நொடிகளாக்கி 'கெடு'வில் வைக்கும்; இல்லாவிட்டால் ஒன்றும் செய்யாது. நடப்பு ஆர்டர்கள் எல்லாம் அடுத்த சில நிமிடங்களில் திட்டமிடும் சுழற்சி தொட்டதால் மாறிவிட்டன. திரையில் கெடுக்கள் சரியாக இருந்தன. சரிபார்ப்புப் பட்டியலில் வேலை முடிந்ததாகக் குறிக்கப்பட்டது.

ஆனால் நடப்பில் இல்லாதவை நிறைய இருந்தன. முடிந்துபோன ஆர்டர்கள் அறிக்கைகளுக்காக நினைவகத்திலேயே வைக்கப்பட்டிருந்தன. பதினைந்து நாளுக்கோ மாதத்துக்கோ ஒருமுறை விழித்தெழும் நிலை ஆர்டர்களும் உறங்கிக்கொண்டிருந்தன. அவற்றை யாரும் தொடவில்லை. பயனற்ற ஆப்ஜெக்ட்களை அகற்றி இடத்தை மீட்கும் நினைவகக் குப்பை நீக்கம் அவற்றை இடம் மாற்றி வைக்கலாம், ஆனால் வடிவத்தை மாற்றாது. அன்றன்று மாறியவற்றை மட்டும் எழுதும் இரவு நகலும் அவற்றின் பக்கம் போகவில்லை. ஆக, எண்ணிக்கையில் பெரும்பான்மையான ஆப்ஜெக்ட்கள் இன்னமும் சரத்தைச் சுமந்தபடிதான் இருந்தன. மொழியின் பார்வையில் இதில் தவறொன்றும் இல்லை. தேவைப்படும்போது அவை மாறிக்கொள்ளும்.

இரண்டாம் மாற்றம்

புதன்கிழமை, திட்டமிடுவோரின் கோரிக்கையின்படி, ஒற்றைக் கெடுவுக்குப் பதிலாக ஒரு நேர இடைவெளி வேண்டியிருந்தது. 'கெடு' நீக்கப்பட்டு 'தொடக்கம்', 'முடிவு' என்ற இரண்டு ஸ்லாட்கள் சேர்க்கப்பட்டன. பழைய கெடு முடிவாகவும், அதிலிருந்து 3600 நொடிகளைக் கழித்தால் வருவது தொடக்கமாகவும் கொள்ளப்படும். இந்தக் கணக்கைச் செய்யும் புதிய மாற்ற மெத்தட் எழுதப்பட்டு, முறைப்படியே கிளாஸுக்கு முன்பாக ஏற்றப்பட்டது.

புதிய மெத்தட் பழையதன் இடத்தில் அமர்ந்தது. இரண்டும் ஒரே கிளாஸுக்கு எழுதப்பட்டவை, இரண்டும் ஆஃப்டர் வகை, அதாவது இயல்பு மெத்தட்டுக்குப் பின் ஓடுபவை. பெயரும் வகையும் கிளாஸும் ஒன்றாக இருந்தால் பின்னது முன்னதை நீக்கிவிடும் என்பது மொழியின் விதி. சரத்தை நொடிகளாக்கத் தெரிந்த நிரல் அந்தக் கணத்தோடு சர்வரில் இல்லாமல் போயிற்று. உறங்கிக்கொண்டிருந்த ஆப்ஜெக்ட் ஒன்று அதன் பிறகு விழித்தால், நடுவிலுள்ள வடிவத்தில் அது இறங்கி ஏறுவதில்லை. முதல் வடிவிலிருந்து மூன்றாம் வடிவுக்கு நேராகத் தாவுகிறது. சொத்துப் பட்டியலில் 'நேரச்சரம்' இருக்கும், 'கெடு' இருக்காது. புதிய மெத்தட் 'கெடு'வைத் தேடி, காணாமல், இது கெடு இல்லாத ஆர்டர் என்று கொண்டு ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடும். பிழைச் செய்தி எதுவும் எழாது.

இரண்டு மாற்றங்களும் தனித்தனியே சோதிக்கப்பட்டிருந்தன. சோதனையில் ஆப்ஜெக்ட்கள் உருவாக்கப்பட்டு, கிளாஸ் மாற்றப்பட்டு, உடனே வாசித்துப் பார்க்கப்பட்டன. இரண்டு மாற்றங்களுக்கும் நடுவே யாரும் தொடாத ஆப்ஜெக்ட் என்ற ஒன்று சோதனையில் எங்கும் இல்லை. இதைக் குழுவின் அசட்டை என்று நான் கருதவில்லை. தொடாமல் இருப்பது ஒரு நிலை என்பதே சோதனை எழுதுகிறவருக்கு எளிதில் தோன்றாது.

கவனிக்கப்பட்டவை

வெள்ளிக்கிழமை காலை, திட்டமிடுவோரில் ஒருவர், எப்போதும் கெடுவோடு வரும் ஒரு நிலை ஆர்டர் 'கெடு அற்றவை' என்ற பத்தியில் கடைசியாக நிற்பதைக் கண்டு தெரிவித்தார். பொறியாளர் ஒருவர் அந்த ஆப்ஜெக்டை ஆய்வுக் கருவியில் திறந்தார். அடையாள எண், கிடங்கு, எடை எல்லாம் இருந்தன. 'தொடக்கம்' மதிப்பற்றது, 'முடிவு' மதிப்பற்றது என்று கருவி காட்டியது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே வாடிக்கையாளரின் முடிந்துபோன ஆர்டர் ஒன்றைத் திறந்தார். அதிலும் அப்படியே. இன்னொன்றைத் திறந்தார். அதுவும் வெறுமை.

இந்த இரண்டாவதும் மூன்றாவதும் அவர் திறக்கும்வரை வெறுமையாக இல்லை என்பதை முதலில் உணர்ந்தவர் குழுவின் மூத்த பொறியாளர். கருவி ஸ்லாட்டை வாசித்ததுதான் மாற்றத்தைத் தூண்டியது. அந்த மாற்றம்தான் சரத்தை உதிர்த்தது. பார்ப்பதே அழிப்பதாக அமைந்துவிட்டது. எத்தனை ஆர்டர்கள் கெட்டுள்ளன என்று எண்ண ஒரு சுழற்சியை எழுதத் தொடங்கியிருந்த மற்றொருவர் அந்த நேரத்தில் தடுக்கப்பட்டார். அது ஓடியிருந்தால், உறங்கிய ஆர்டர்கள் எல்லாம் கெட்டுவிட்டன என்ற விடையைத் தந்திருக்கும், தந்த மாத்திரத்தில் அந்த விடை உண்மையாகவும் ஆகியிருக்கும்.

தொடாமல் எண்ணுவதற்கு வழி இருந்தது. ஒவ்வொரு ஆப்ஜெக்டும் தன் வடிவத்தை விவரிக்கும் ஒரு தளவமைப்புக் குறியைத் தலைப்பகுதியில் தாங்கியிருக்கிறது. நினைவகத்தை நேரடியாக நடந்துபோய், எந்தப் பொதுச் சார்பையும் அழைக்காமல், எந்த ஸ்லாட்டையும் கேட்காமல், அந்தக் குறியை மட்டும் ஒப்பிட எஸ்பிசிஎல்லின் உள் வசதிகள் இடம் தருகின்றன. ஸ்லாட்டைத் தவிர்த்தால் போதாது, பொதுச் சார்பையும் தவிர்க்க வேண்டும். ஏனெனில் எந்த மெத்தட்டை அழைப்பது என்று தீர்மானிக்கும் கட்டத்திலேயே இந்தச் செயலாக்கம் குறி காலாவதியாகிவிட்டதைக் கண்டு மாற்றத்தைத் தூண்டிவிடும். இப்படி எண்ணியதில் ஆப்ஜெக்ட்கள் மூன்று குவியல்களாகப் பிரிந்தன. பெரும்பாலானவை இன்னும் முதல் வடிவில், சரம் பத்திரமாக இருந்தன. சிறு எண்ணிக்கையிலானவை திங்களுக்கும் புதனுக்கும் இடையே தொடப்பட்டு இரண்டாம் வடிவில் நின்றிருந்தன. மற்றவை மூன்றாம் வடிவில். கெட்டவை இந்த மூன்றாம் குவியலுக்குள் மட்டுமே இருக்க முடியும். காலையில் எழுந்த அச்சத்தோடு ஒப்பிட்டால் இது நல்ல செய்தி.

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, உறங்கும் ஆப்ஜெக்ட்களைத் தொடக்கூடிய வேலைகளை நிறுத்துவது. மாத அறிக்கையை நிறுத்துவதில் யாருக்கும் தடை இல்லை. சனிக்கிழமை இரவின் முழு நகலைத் தள்ளிவைப்பதில்தான் வாதம் எழுந்தது. தரவு கெட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் நகல் எடுக்காமல் இருப்பது எந்த ஒழுங்குக்கும் ஒவ்வாது என்று பராமரிப்புப் பொறுப்பாளர் சொன்னார். அவர் சொன்னது பொதுவிதியாகச் சரியானதே. ஆனால் முழு நகல் என்பது எல்லா ஆப்ஜெக்ட்களின் எல்லா ஸ்லாட்களையும் வாசிக்கும் வேலை. அது ஓடினால் நினைவகத்தில் எஞ்சியிருக்கும் சரங்கள் அனைத்தும் ஒரே இரவில் உதிரும்; கெட்ட நிலையே நல்ல நகல் என்ற முத்திரையோடு வட்டில் ஏறும். முந்தைய வாரத்து முழு நகல் முதல் வடிவில் இருந்தது. அதைத் தனியிடத்தில் எழுத முடியாதபடி பூட்டி வைப்பது, புதிய முழு நகலை அதற்கான நிபந்தனை நிறைவேறும்வரை எடுக்காமலிருப்பது என்று முடிவானது.

நிலை ஆர்டர்கள் விழிப்பதை மட்டும் நிறுத்த இயலவில்லை. அவை நடப்பு வேலை. ஒவ்வொன்றும் விழிக்கும்போது ஒரு கெடு போகும். முழுமையான திருத்தத்தை யோசித்து எழுதும்வரை காத்திருப்பதற்குப் பதிலாக, இழப்பை நிறுத்தும் ஒரு சிறு மெத்தட்டை உடனே ஏற்றுவது இரண்டாவது முடிவு. அது பிஃபோர் வகையில், அதாவது இயல்பு மெத்தட்டுக்கு முன் ஓடும்படி எழுதப்பட்டது. எனவே இருக்கும் ஆஃப்டர் மெத்தட்டை நீக்காது. அது செய்வது ஒன்றே: கைக்கு வரும் சொத்துப் பட்டியலை, ஆர்டரின் அடையாள எண்ணைச் சாவியாகக் கொண்டு, பூட்டுடைய ஒரு தனி அட்டவணையில் அப்படியே வைத்துவிடும். மாற்றம் தவறாகவே நடந்தாலும் மூல மதிப்பு இனி எங்கும் போகாது. சில வரிகளே கொண்ட இந்த மெத்தட்தான் இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளில் மிகச் சிறந்தது என்பது என் கணிப்பு. இது ஏறிய பிறகு யாரும் பதற வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது கேள்வி, சர்வரை நிறுத்தி முந்தைய வார நகலிலிருந்து எழுப்பலாமா என்பது. சரங்கள் எல்லாம் அந்த நகலில் இருந்தன. ஏற்றும் நிரலைத் திருத்தினால் எல்லா ஆர்டர்களும் புது வடிவில் சரியாகவே பிறக்கும் என்று ஒரு பொறியாளர் வலியுறுத்தினார். எதிர்ப்பு, பதிவேடு பற்றியது. திங்கள் வரையிலான கட்டளைகள் சரத்தையும், புதன் வரையிலானவை கெடுவையும், பிறகு வந்தவை இடைவெளியையும் பேசின. மூன்று மொழியும் கலந்த பதிவேட்டை மீண்டும் ஓட்டும் நிரல் இதுவரை ஒருமுறைகூடச் சோதிக்கப்பட்டதில்லை. சோதிக்கப்படாத மீட்பை நடப்பு சர்வரில் முதன்முதலாகச் செய்து பார்ப்பதைவிட, இயங்கும் சர்வரிலேயே திருத்துவதும், மீட்பை ஒரு தனிப் பிராசஸில் (சர்வரிலிருந்து பிரிந்து ஓடும் நிரலில்) ஓட்டி இரண்டின் விளைவையும் ஒப்பிடுவதும் மேல் என்று தீர்மானித்தனர். இரு பக்கமும் நியாயம் இருந்தது. பிரச்சினை ஒரு நாள் முன்னதாகத் தெரிந்திருந்தால் நிறுத்தி எழுப்புவதே எளிதாக இருந்திருக்கலாம்.

சரியான மாற்ற மெத்தட்

புதிய ஆஃப்டர் மெத்தட் மூன்று கிளைகளோடு எழுதப்பட்டது. சொத்துப் பட்டியலில் 'கெடு' இருந்தால் இடைவெளியாக்கு. 'நேரச்சரம்' இருந்தால் முதலில் நொடிகளாக்கிப் பிறகு இடைவெளியாக்கு. இரண்டும் இல்லாவிட்டால் கெடு இல்லாத ஆர்டர் என்று கொள்.

இரண்டாவது கிளையை எழுதும்போது இன்னொரு சிக்கல் வெளிப்பட்டது. சரத்தை நொடிகளாக்கக் கிடங்கு ஆப்ஜெக்டிடம் அதன் மண்டலத்தைக் கேட்க வேண்டும். திங்கட்கிழமை மாலை அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையும், ஆர்டர் விழித்தெழும் நாளில் கிடைக்கும் விடையும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. உண்மையில் அந்த வாரத்திலேயே சில கிடங்குகளின் மண்டலம் திருத்தப்பட்டிருந்தது. முந்தைய தவறான மண்டலத்தின்படி எழுதப்பட்ட சரத்தைத் திருத்தப்பட்ட மண்டலத்தைக் கொண்டு வாசித்தால் கெடு மணிக்கணக்கில் நகர்ந்துவிடும். உடனே நடக்கும் மாற்றத்தில் இந்தச் சிக்கல் பிறப்பதில்லை. தள்ளிப்போடப்படும் மாற்றத்தில், மெத்தட் தன் ஆப்ஜெக்டைத் தவிர வேறு எதைக் கேட்டாலும் இது வந்தே தீரும். பூட்டி வைத்த முழு நகலிலிருந்தும் பதிவேட்டிலிருந்தும் திங்கள் மாலை நிலவரப்படியான மண்டலங்கள் எடுக்கப்பட்டு, மாறாத அட்டவணையாக மெத்தட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டன.

பிழை எழுந்தால் என்ன செய்வது என்பதிலும் கவனம் செலுத்தப்பட்டது. மாற்ற மெத்தட் நடுவில் முறிந்தால் ஆப்ஜெக்ட் பழைய வடிவிலேயே நிற்குமா, பாதி மாறி நிற்குமா என்பதை நம்பி எதையும் கட்டக்கூடாது என்று கருதிய குழு, மெத்தட் எந்நிலையிலும் பிழையை வெளியே விடாமல், நொடிகளாக்க முடியாத சரங்களை மற்றோர் அட்டவணையில் ஒதுக்கி வைக்கும்படி எழுதியது.

இதைச் சோதித்த விதம் முன்னதிலிருந்து வேறுபட்டது. தனிப் பிராசஸ் ஒன்றில் முதல் வரையறையோடு பழைய நகலின் ஒரு பகுதி ஏற்றப்பட்டது. அதன் பின் இரண்டு மறுவரையறைகளும் அடுத்தடுத்துச் செய்யப்பட்டன. சில ஆப்ஜெக்ட்கள் வேண்டுமென்றே நடுவில் தொடப்பட்டன, சில தொடப்படவில்லை. மூன்றாவது குழுவாக, மதிப்பே இல்லாதவை சேர்க்கப்பட்டன. எல்லாம் எதிர்பார்த்தபடி வந்த பிறகே மெத்தட் நடப்பு சர்வரில் ஏறியது.

பின் நடந்தவை

மெத்தட் ஏறியதும், தாழ்ந்த முன்னுரிமையில் ஒரு த்ரெட் எல்லா ஆர்டர்களையும் சிறு சிறு தொகுதிகளாகத் தொட்டுக்கொண்டே போனது. ஒரே மூச்சில் செய்யாததற்குக் காரணம், திட்டமிடும் சுழற்சி பயன்படுத்தும் அதே பூட்டை இந்த த்ரெட்டும் பிடிக்க வேண்டியிருந்தது. நீண்ட நேரம் பிடித்தால் திரைகள் உறையும். ஒரே பூட்டைப் பகிர்ந்ததால், ஓர் ஆப்ஜெக்டை இரண்டு த்ரெட்கள் ஒருசேர மாற்றும் வாய்ப்பும் அற்றுப்போனது. தளவமைப்புக் குறி எண்ணிக்கை அவ்வப்போது எடுக்கப்பட்டது. முதல் வடிவும் இரண்டாம் வடிவும் பூச்சியத்தைத் தொட்ட பிறகு, ஒருமுறை குப்பை நீக்கம் செய்து மீண்டும் எண்ணிப் பார்த்தனர். பழைய வடிவில் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஏற்கெனவே கெட்டவை வேறு விதமாக மீட்கப்பட்டன. அவற்றின் மூல சரம் நினைவகத்தில் இல்லை, முந்தைய வார நகலில் இருந்தது. நகலுக்குப் பிறகு உருவானவற்றின் சரம் பதிவேட்டில் இருந்தது. இரண்டையும் தனிப் பிராசஸில் படித்து, அடையாள எண்ணுக்கு நேராகச் சரத்தை எழுதிய பட்டியல் தயாரானது. மூன்றாம் வடிவில் இருந்து, இடைவெளி இல்லாமல், அந்தப் பட்டியலில் சரம் உள்ளவையே கெட்டவை. பட்டியலிலும் சரம் இல்லாதவை முறையாகவே கெடு அற்றவை. புதனுக்குப் பிறகு திட்டமிடுவோர் யாரேனும் கையால் கெடுவை நீக்கியிருந்தால் அதையும் பதிவேடு சொன்னது, அவை விலக்கப்பட்டன. திருத்தங்கள் ஸ்லாட்டில் நேராக எழுதப்படவில்லை. ஒவ்வொன்றும் ஒரு கட்டளையாகப் பதிவேட்டின் வழியே சென்றது, இல்லையெனில் அடுத்த முறை சர்வர் எழும்போது திருத்தம் மறைந்துபோயிருக்கும்.

முழு நகல் ஞாயிறு மாலை எடுக்கப்பட்டது. அதற்கு முன்னரே, மூன்று மொழியும் கலந்த பதிவேட்டைப் படிக்கும் ஏற்று நிரல் தனிப் பிராசஸில் ஓடி முடிந்திருந்தது. நடப்பு சர்வரின் ஆர்டர்களோடு அதன் விளைவை ஒப்பிட்டபோது வேறுபட்டவை மிகச் சிலவே. அவை எல்லாம் கோடை நேர மாற்றத்தின்போது இருமுறை வரும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் விழுந்த கெடுக்கள். மாற்ற மெத்தட் முதல் வருகையையும் ஏற்று நிரல் இரண்டாம் வருகையையும் எடுத்துக்கொண்டிருந்தன. எது சரி என்று சரத்திலிருந்து சொல்ல வழியில்லை. முடிந்துபோன ஆர்டர்களில் முதல் வருகையே வைத்துக்கொள்ளப்பட்டது. நடப்பில் இருந்தவற்றுக்குத் திட்டமிடுவோர் வாடிக்கையாளரிடம் கேட்டு உறுதி செய்தனர்.

நடைமுறையில் மாறியவை

கிளாஸ் மாற்றம் எப்போது முடிந்தது என்பதற்கான அளவுகோல் மாறியது. புதிய வரையறை ஏறியதும் முடிந்ததாகக் குறிக்கும் வழக்கம் கைவிடப்பட்டு, பழைய தளவமைப்பில் ஆப்ஜெக்ட் ஒன்றும் இல்லை என்ற எண்ணிக்கை வந்த பிறகே முடிவு குறிக்கப்படுகிறது. அதுவரை அந்தக் கிளாஸின் மாற்ற மெத்தட்டைத் தொடக்கூடாது, அடுத்த மறுவரையறையும் கூடாது. இதை மனிதர் நினைவில் விட்டுவைக்காமல், மறுவரையறையைச் செய்யும் உள் கருவியே எண்ணிக்கையைப் பார்த்து மறுக்கும்படி அமைத்தனர். தொட்டு வரும் த்ரெட்டும், சொத்துப் பட்டியலைப் பாதுகாக்கும் பிஃபோர் மெத்தட்டும் ஒவ்வொரு மாற்றத்தின் நிரந்தர அங்கங்களாயின. பாதுகாப்பு அட்டவணை, அடுத்த முழு நகல் சரிபார்க்கப்படும்வரை அழிக்கப்படுவதில்லை.

எர்லாங்கைப் போல் ஒவ்வொரு ஆப்ஜெக்டிலும் ஒரு வரையறை எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை நீண்ட நேரம் பேசப்பட்டது. நீங்கிய ஸ்லாட்களின் பெயரே போதும், எண் தேவையில்லை என்பது ஒரு தரப்பு. பெயர் மாறாமல் பொருள் மட்டும் மாறினால் பெயர் எதையும் சொல்லாது என்பது மறுதரப்பு: 'காலம்' என்ற ஸ்லாட் நிமிடத்திலிருந்து நொடிக்கு மாறினால், அதே பெயர் என்பதால் மொழி பழைய மதிப்பை அப்படியே வைத்துக்கொள்ளும், அறுபது நிமிடம் அறுபது நொடியாகிவிடும். இறுதியில் எண் வைக்கப்படவில்லை. பதிலாக, பொருள் மாறினால் ஸ்லாட்டின் பெயரும் மாற வேண்டும் என்ற விதி வந்தது. மறுஆய்வு செய்பவரின் கண்ணையே இந்த விதி நம்பியிருக்கிறது என்பதால் எண்தான் உறுதியான வழி என்று எனக்குப் படுகிறது. குழு அதை ஏற்கவில்லை.

மாற்ற மெத்தட் தன் ஆப்ஜெக்டுக்கு வெளியே எதையும் கேட்கக்கூடாது, கேட்டே ஆக வேண்டுமானால் மறுவரையறை நேரத்து மதிப்பை உறைய வைத்து எடுத்துச் செல்ல வேண்டும் என்பதும் எழுத்தில் ஏறியது. ஆய்வுக் கருவியிலும் ஒரு மாற்றம் செய்யப்பட்டது: காலாவதியான ஆப்ஜெக்டைத் திறக்க முயன்றால், திறந்தால் அது மாறிவிடும் என்று முதலில் எச்சரித்துவிட்டு, மாற்றாமல் தளவமைப்பை மட்டும் காட்டும் வழியையும் தருகிறது.

இதன் பின் கிடங்கு கிளாஸில் ஒரு மாற்றம் இதே நடைமுறைப்படி செய்யப்பட்டது. தொட்டு வரும் த்ரெட் முடிந்த பிறகும் ஒரே ஒரு கிடங்கு பழைய வடிவிலேயே எண்ணிக்கையில் நின்றது. எந்த அட்டவணையிலும் அது இல்லை. யாரோ ஒரு பொறியாளர் கட்டளைகளைத் தட்டி உடனுக்குடன் விடை பார்க்கும் ஊடாடு முனையத்தில், கடைசியாக அச்சிட்ட மதிப்பாக அது பிடிபட்டிருந்தது. முனையத்தை மூடிக் குப்பை நீக்கம் செய்ததும் எண்ணிக்கை பூச்சியமாயிற்று, கருவி மாற்றத்தை முடிந்ததாகக் குறித்தது.